பச்சை வண்டிக்கு நான் சொன்ன காரணம்

ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் ஒவ்வொருவரும் ஒருநாள், ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி முதலாளி முன்னால் நிற்பீர்கள். அவர் "இது எதனால் ஆச்சு?" என்று கேட்கமாட்டார். "இது யாரால் ஆச்சு?" என்றுதான் கேட்பார். இரண்டும் வேறு வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தேடத்தான் நமக்குச் சம்பளம். இரண்டாவதற்கு நம்மிடம் பதில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. இந்தச் சின்ன விஷயம் புரியாமல் நான் ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கெடுத்தேன்.

மார்தட்டிக்கொள்ள எனக்கும் நாலு கதை உண்டு. சத்தத்தை வைத்தே பேரிங்கைச் சொன்னது, பாதி வழியில் நின்ற பஸ்ஸைக் கம்பித் துண்டு வைத்து ஊர் சேர்த்தது, எல்லாம் உண்டு. அவற்றை டீக்கடையில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்தக் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை மதிக்காமல் போனால் எனக்கு வருத்தம் இல்லை. மதிப்பு எனக்கு ஜாஸ்தியாகவே கிடைத்துவிட்டது.

அப்போது ஆந்திரா தனி ராஜ்யமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எந்தத் தாலுகா சென்னை ராஜ்யத்துக்குப் போகும், எது இங்கேயே இருக்கும் என்று தீர்ந்தபாடில்லை. சித்தூர் கடைத்தெருவில் அதே பேச்சுதான். நேற்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறவர்கள், திடீரென்று ஒருவரை ஒருவர் உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் நகரி பக்கம். சித்தூரில் ஒரு கடலை எண்ணெய் மில்லின் காம்பவுண்டுக்குள், மில் முதலாளி கொடுத்த இடத்தில், ஷெட் போட்டுத் தொழில் செய்துகொண்டிருந்தேன். முதலாளி தெலுங்குக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவரிடம் ஒரு பச்சைக் கலர் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கியது. கூரை இல்லை, நாலு பேர் உட்காரலாம், முன்பக்கம் சூப்பர்சார்ஜர். வேகம் பிடித்தால் கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்குச் சுருதி சேர்க்கிற மாதிரி ஒரே சீராக ஒரு முனகல் வரும். அதைக் கேட்க மில் கூலிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள்.

அந்த வண்டியை ஓட்டியவன் முனிரத்தினம். வரதய்யபாளையத்துக்காரன், என் வயசு. யுத்தத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் பானெட் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் சீட்டில் ஏறுவான். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. பெரிய மனிதர்கள் எல்லாரும் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். எங்கள் முதலாளி மட்டும், "முனிரத்தினம் இருக்கறப்ப பூட்டு எதுக்கு?" என்று விட்டுவிட்டார். அதை அவன் எனக்கே பத்துத் தரமாவது சொல்லியிருப்பான். நிலம் நீச்சு இல்லாதவன். அந்தப் பூட்டில்லாத மூடிதான் அவனுக்கு ஊரில் இருந்த சொத்து.

உங்களுக்கு சூப்பர்சார்ஜர் பழக்கம் இருக்காது என்பதால் ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் வைத்தால் அது காற்றை அழுத்தித் திணிக்கும். காற்று எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பெட்ரோலும் கூடவே போகவேண்டும். பெட்ரோல் பின்தங்கினால் அதுதான் லீன் மிக்சர். நாங்கள் "காத்து மிஞ்சிப்போச்சு" என்போம். அப்போது உள்ளே சூடு தறிகெட்டு ஏறி, பிஸ்டன் மெழுகாக உருகும். இதில் மோசம் என்னவென்றால், வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது. சமதரையில் ஓடினாலும் தெரியாது. பாரத்தோடு ஏற்றம் ஏறினால்தான் தெரியும். அது தெரியும்போது பாதி அழிவு நடந்து முடிந்திருக்கும்.

முதலாளியின் பேரனுக்குத் திருமலையில் முதல் மொட்டை என்று நாள் குறித்தார்கள். பச்சை வண்டி மலைக்குப் போவது அதுதான் முதல் தடவை. நான் வண்டியை ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். கிளம்புகிற காலையில் பூஜை. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். டேங்கை நிரப்பவேண்டியது மட்டும் பாக்கி. அந்தக் காலத்து டின் பெட்ரோலில் துரு, தூசி, தண்ணீர் எல்லாம் இருக்கும். அதனால் மெல்லிய தோல் ஒன்றைப் புனலில் விரித்து அதன் வழியாகத்தான் ஊற்றுவோம். அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. நான் தோலை எடுத்து விரித்ததும் முதலாளியின் வீட்டம்மாள் பதறிப்போய் வந்தார்.

"ஐயோ மேஸ்திரி, கொண்டக்குப் போற வண்டிக்குத் தோல் ஆகாது. பூஜை ஆயிடுச்சி. இந்தக் கோடித் துணியில வடிகட்டுங்க."

கொண்ட என்று அவர் சொன்னது திருமலையை. அவர் நீட்டியது நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய புதுத் துணி. நகரித் தறியில் நெய்தது. தறிக்காரர்கள் ஊரில் பிறந்தவன் நான். துணியைத் தொட்டவுடன் கஞ்சியின் மொடமொடப்பு விரலில் தெரிந்தது. நூல் அறுந்துபோகாமல் இருக்கப் பாவுக்குப் போடுகிற கஞ்சி, முதல் தடவை அலசினால்தான் போகும். ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து காயவைத்திருந்தால் போதும். ஆனால் தண்ணீரில் நனைத்தால் அது எப்படிக் கோடித் துணியாக இருக்கும்? நல்ல நாளும் அதுவுமாக அந்த அம்மாளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துணி தும்பைப்பூ மாதிரி இருந்தது, இதைவிடச் சுத்தமாக எது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முனிரத்தினம் புனலைப் பிடித்துக்கொண்டான். நான் ஊற்றினேன். "இன்னா மேஸ்திரி, இன்னிக்கு சர்ருனு எறங்குது?" என்று கேட்டான். தோலில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற பெட்ரோல் துணியில் மடமடவென்று இறங்கியது. "நல்ல நாள், அதான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

வண்டி போனது. மத்தியானத்துக்கு மேல் ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு வந்தது. முன்பக்கமெல்லாம் எண்ணெய்.

நடந்ததை முனிரத்தினம் எல்லார் முன்னாலும் சொன்னான். சந்திரகிரி வரைக்கும் வண்டி நன்றாகத்தான் போயிருக்கிறது. மலைக்கு எதற்கும் இருக்கட்டும் என்று அங்கே ரோட்டோரத்துத் தகரக் கடையில் ஒரு டின் பெட்ரோல் வாங்கி ஊற்றியிருக்கிறான். மலை ரோட்டில் மூன்றாவது வளைவில் கார்புரேட்டர் வழியாகப் படக் படக்கென்று தும்ம ஆரம்பித்திருக்கிறது. "நிறுத்திப் பாக்கலாம்" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். மொட்டைக்கு நேரம் தப்பிவிடும், ஏற்று என்று முதலாளி அவசரப்படுத்தியிருக்கிறார். அப்புறம் ஏதோ டப்பென்று வெடித்துப் புகை வந்து, வண்டி நின்றிருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு யாருடைய வண்டியிலோ மேலே போனார்களாம். சாமி காரியத்துக்குப் போன வண்டி பாதி மலையில் நின்றது அபசகுனம் என்று வீட்டம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

எஞ்சினைப் பிரித்தேன். மூன்றாவது பிஸ்டனின் தலையில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. ப்ளக்குகள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, மேலே அலுமினியத் துளிகள். இங்கே கொஞ்சம் கவனியுங்கள். வெள்ளை ப்ளக் ஒரே ஒரு சேதியைத்தான் சொல்கிறது, உள்ளே சூடு அதிகம் என்று. அந்தச் சூடு எதனால் வந்தது என்று அது சொல்லாது. பெட்ரோல் குறைவாகப் போயிருந்தாலும் வெளுக்கும். போன பெட்ரோல் கலப்படமாக இருந்து வெடி முன்கூட்டியே விழுந்து எஞ்சின் இடித்திருந்தாலும் இதே ஓட்டை விழலாம். இரண்டில் எது என்று சொல்ல டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் ஒவ்வொரு இடமாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். எனக்கு இரண்டு நாள் பிடித்திருக்கும். இரண்டு நாள் கேட்டிருந்தால் முதலாளி கொடுத்திருப்பார் என்றே இன்றைக்கு நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

அவர் வந்து நின்றார். பின்னால் மில் குமாஸ்தா, பத்துப் பதினைந்து கூலிக்காரர்கள். முனிரத்தினம் பானெட் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"செப்பு மேஸ்திரி, யாரு செஞ்ச வேல இது?"

நான் டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்தேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

அந்த நேரத்தில் குமாஸ்தா, முதலாளிக்குக் கேட்கிற மாதிரி மெதுவாக ஒன்று சொன்னார். "அரவம் பேசறவங்க எடுத்துக்கினு போறது தாலுகா மட்டும் இல்லீங்க, பெட்ரோலும்தான்." அரவம் என்றால் தெலுங்குக்காரர்கள் வாயில் தமிழ், கொஞ்சம் இளக்காரமாக. கூலிக்காரர்களில் ரெண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ தெரியாது. ஆனால் நான் அதை எப்படிப் படித்துக்கொண்டேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. நீயும் அரவக்காரன், அவனும் அரவக்காரன், நீ அவனை விட்டுக்கொடுப்பாயா, பார்ப்போம். இப்படித்தான் எனக்குப் பட்டது. நம்மாளுக்கு நம்மாள் பரிந்து பேசினான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது. ஷெட் அவருடைய இடம். என் பிழைப்பு அங்கேதான். நியாயஸ்தன் என்று பெயர் வாங்க வேண்டுமே என்று நான் அந்தப் பக்கமாகச் சாய்ந்தேன். நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டே சாய்ந்தேன்.

"கெரசின் கலந்த மாதிரி இருக்குங்க" என்றேன்.

'மாதிரி' என்று நான் சொன்னது எனக்கும் அந்தப் பிஸ்டனுக்கும்தான் கேட்டது. மற்ற எல்லாருக்கும் 'கெரசின்' மட்டும்தான் கேட்டது. பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டான் என்று குமாஸ்தா கதையையே முடித்துவிட்டார்.

முனிரத்தினம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தான்.

"மேஸ்திரி, நீ பாத்துத்தான சொல்ற?"

"வாசனை வருது ரத்தினம்."

"நல்லா பாத்தியா?"

தலையை ஆட்டினேன். அவன் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப சந்திரகிரிக் கடைக்காரன் பண்ண வேலதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். சாவியைப் பானெட் மேல் வைத்தான். டேங்க் பக்கம் போய், திறந்து கிடந்த மூடியைத் திருகி மூடினான். அப்புறம் கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். முதலாளி அவனைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. மறுநாள் காலையிலேயே மூடிக்குப் பூட்டு வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு சேதி வந்தது. முனிரத்தினம் சந்திரகிரிக்குப் போய் அந்தத் தகரக் கடைக்காரனோடு சண்டை போட்டு, டின்களை உதைத்துத் தள்ளி, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறான். "பாத்தியா, திருடனுக்குத்தான் கோபம் வரும்" என்றார் குமாஸ்தா. சித்தூரிலும் திருப்பதியிலும் வண்டி வைத்திருந்த ஒருத்தரும் அதன்பிறகு அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பஸ் கம்பெனி ஒன்றில் கேட்டுப் போனவனை, "பச்ச வண்டி டிரைவரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம்.

புதுப் பிஸ்டன் மெட்ராஸிலிருந்து வர நாற்பது நாள் ஆயிற்று. மாட்டினேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுப் பெட்ரோலை, இந்தத் தடவை தோலில் வடிகட்டி, நானே ஊற்றினேன். டேங்க்கின் அடியில் பெட்ரோல் வெளியே வருகிற வாயில் ஒரு சின்னக் கம்பிவலை இருக்கும். அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? நோய் இன்னது என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டதே. ஒரு தடவை வாயால் காரணம் சொல்லிவிட்டால் அப்புறம் கை தேடாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு நானே ஓட்டினேன். சந்திரகிரி தாண்டி, கணவாய்ப் பக்கம் ஏறுகிற ரோட்டில் விட்டேன். சமதரையில் தங்கமாகப் போனது. ஏற்றத்தில் அழுத்தினேன். சூப்பர்சார்ஜர் முனகல் ஏறிக்கொண்டே போனது. பாதி மேட்டில், படக் என்று கார்புரேட்டர் தும்மியது. மறுபடியும் படக், படக். முனிரத்தினம் சொன்ன அதே சத்தம்.

லீன் மிக்சரைப் பிடிக்க ஒரே வழி, அது நடக்கிற அந்த நிமிஷத்திலேயே எஞ்சினை நிறுத்துவதுதான். நிதானமாக ஓட்டி ஷெட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் வரும் வழியிலேயே ப்ளக் நிறம் மாறிவிடும். கிளட்ச்சை மிதித்து, ஸ்விட்சை அணைத்து, ஓரம் கட்டினேன். சூட்டோடு சூடாக ஒரு ப்ளக்கைக் கழற்றினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

என் கண் முன்னால், என் கையால் ஊற்றிய பெட்ரோல். அதில் யார் எதைக் கலந்திருக்க முடியும்? ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து, கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றிப் பம்ப்பை ஓடவிட்டேன். முதலில் விரல் பருமனுக்குக் கொட்டியது. எண்ணி இருபது முடிவதற்குள் பென்சில் ஆனது, அப்புறம் நூலாக இளைத்தது. தடை பின்னால் இருக்கிறது. கையோடு கொண்டுவந்திருந்த டின்களில் டேங்க்கைக் காலி செய்து, அடியில் கையை விட்டு அந்த வலையை வெளியே எடுத்தேன்.

வலை முழுக்கக் கூழ் மாதிரி வெள்ளையாக ஒரு படலம். நடுவில் பஞ்சு. டின்னில் இருந்த தண்ணீரை அந்தத் துணி தடுக்கவில்லை. கஞ்சித் தூளும் அந்தத் தண்ணீரும் சேர்ந்து பசையாகி வலையை மெழுகியிருந்தது. நிதானமாகப் போனால் கசிந்து வந்துவிடும், ஏற்றத்தில் எஞ்சின் கேட்கும்போது வராது. படலத்தின் ஒரு ஓரம் லேசாக மஞ்சளாக இருந்தது.

அந்த வாடை? என் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். மண்ணெண்ணெய். அன்றைக்கும் முகர்வதற்கு முன்னால் ப்ளக்குகளை மண்ணெண்ணெயில் கழுவியிருந்தேன். தினமும் கழுவுகிறேன். "சோறு பெசஞ்சி குடுத்தாகூட கிருஷ்ணாயில் நாத்தம்தான்" என்று என் வீட்டுக்காரி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த வாடையை நான் அவன் டேங்க்கில் கண்டுபிடித்திருக்கிறேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது அப்போது ஞாபகம் வந்தது.

வலையைத் தேய்த்துக் கழுவி மாட்டி, பெட்ரோலைத் திரும்ப ஊற்றினேன். வண்டி அந்த மேட்டைத் திணறாமல் ஏறியது. உச்சியில் நிறுத்திவிட்டு அழுதேன்.

இதுவரைக்கும் செய்தது தவறு. தவறு எல்லாருக்கும் வரும், உங்களுக்கும் வரும். இனிமேல் சொல்லப்போவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஷெட்டுக்குத் திரும்பி வந்தேன். முதலாளி, "ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுதுங்க" என்றேன். அவ்வளவுதான். பக்கத்தில் வீட்டம்மாள் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கோடித் துணியைப் பற்றிச் சொன்னால் சாமி காரியத்தில் குற்றம் சொன்னதாகிவிடும் என்று ஒரு சாக்கு. குமாஸ்தா இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று இன்னொரு சாக்கு. முதலில் முனிரத்தினத்திடம் சொல்லிவிட்டு அப்புறம் முதலாளியிடம் சொல்வதுதான் முறை என்று ஒன்று. சாக்குக்கா பஞ்சம்?

ஒரு மாசம் கழித்து வரதய்யபாளையத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அவன் பெண்சாதியின் ஊர் திருத்தணி பக்கம், அங்கே போய்விட்டார்கள் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். திருத்தணி என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் போய்விடலாம். நான் சித்தூருக்கு பஸ் ஏறினேன். பூட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வருஷங்கள் ஓடின. கோடு போட்டு முடித்தார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போனது, வரதய்யபாளையம் இருக்கிற சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. வரதய்யபாளையம் ஆந்திராவில், முனிரத்தினம் மெட்ராஸ் ராஜ்யத்தில். முதலாளி பச்சை வண்டியை யாரோ ஒரு பெங்களூர்க்காரருக்கு விற்றுவிட்டார். சூப்பர்சார்ஜர் பார்க்கத் தெரிந்த மேஸ்திரி என்று எனக்குப் பெயர் பரவி, வெளியூரிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. அந்தப் பெயரில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள்.

அப்படி ஒரு நாள், சித்தூர்க்காரர் ஒருவரின் லாரி திருத்தணி பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் நின்றுபோய், என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். கியர் பாக்ஸ் வேலை. முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது, செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் எழுந்து என்னையே பார்த்தான். முகமெல்லாம் செம்மண். தலை பாதி நரைத்திருந்தது.

"இன்னா மேஸ்திரி, நீயா?"

ஓடிவிடலாம் போலிருந்தது. அவனோ சிரித்துக்கொண்டே வந்தான். தொட்டியில் கையைக் கழுவிவிட்டு என் தோளைப் பிடித்தான்.

"எப்டி கீற? புள்ளைங்க எப்டி கீது? வா, முன்ன எதுனா துன்னு. காலைலேந்து வேல செஞ்சிக்கினு கீற."

சூளைக்குப் பக்கத்தில் அவன் குடிசை. அவன் பெண்சாதி கேழ்வரகுக் களியும் கடலைத் துவையலும் வைத்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"வண்டி ஓட்டறதில்லையா?" என்று கேட்டேன்.

"தொடறதில்ல மேஸ்திரி. கண்ணு முன்னால ஊத்தற பெட்ரோல மோந்து பாக்காம ஊத்திக்கினவன் நானு. வண்டில கொழந்த வேற உக்காந்துக்கினு இருந்துது. மலையில அதுக்கு எதுனா ஆயிருந்தா? அப்பால எதுக்கு ஸ்டியரிங்க புடிக்கிறது, சொல்லு?"

நான் சொன்ன பொய்க் காரணத்தை நம்பாதவன் ஊரில் ஒருவன் இருப்பான் என்றால் அது அவனாகத்தான் இருக்கும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவன் என்னைச் சபித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அது எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அவன்தான் அதை முழுசாக நம்பியிருக்கிறான். மேஸ்திரி பார்த்துச் சொல்லியிருக்கிறான் என்று நம்பி, தன்னைத் தானே தண்டித்துக்கொண்டு, நன்றாக ஓட்டத் தெரிந்த கையால் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

களியைத் தட்டிலேயே வைத்தேன். சொல்லிவிட்டேன். துணி, கஞ்சி, வலை, மஞ்சள் ஓரம், என் கை வாடை, எல்லாவற்றையும் சொன்னேன். "உன் மேல ஒரு தப்பும் இல்ல ரத்தினம். எல்லாம் நான்தான்."

உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றுபோனது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உனுக்கு எப்பத் தெரிஞ்சிது?"

இந்த ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. கெட்டதைச் செய்தாயா என்று கேட்டால் சொல்லத் தயாராக இருந்தவன் நான். எப்போது தெரிந்தது என்றால்? நாற்பதாவது நாளே தெரிந்தது. அப்போதே வந்து சொல்லியிருந்தால் அவன் மறுபடி ஸ்டியரிங் பிடித்திருப்பான்.

"இப்பத்தான்" என்றேன். "போன மாசம். அந்த வண்டி திரும்ப வேலைக்கு வந்துது. வலையைக் கழட்டினப்பதான் பாத்தேன். உன்னைத் தேடிக்கினுதான் இந்தப் பக்கம் வந்தேன்."

முனிரத்தினம் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. என் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"அப்ப உம் மேல இன்னா தப்பு? தெரியாம சொல்லிட்ட. தெரிஞ்ச ஒடனே இம்மாந்தொலவு ஓடியாந்துகீறியே, யார் வருவான்?" உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "கேட்டுக்கினியாடி? மேஸ்திரிய எத்தினி நாளு திட்டின!"

அவள் வெளியே வந்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் தட்டில் இன்னும் ஒரு கவளம் களி வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

இப்போது உங்களிடம் ஸ்கேனர் இருக்கிறது. மிக்சர் லீனா ரிச்சா என்று அது திரையில் காட்டிவிடும். நல்லது, நான் பொறாமைப்படவில்லை. ஆனால் திரையில் வருவதற்கும் உங்கள் வாயில் வருவதற்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே முதலாளி நிற்பார், பத்துப் பேர் நிற்பார்கள், உங்கள் பிழைப்பு நிற்கும். அங்கே, "தெரியவில்லை, இரண்டு நாள் கொடுங்கள்" என்று சொல்லப் பழகுங்கள். அதைச் சொல்ல முடியாமல் தவறிவிட்டால், தெரிந்த அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். மறுநாள் என்றால் அது வேறு குற்றம். அதை எந்தக் கருவியும் காட்டாது, யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கிளம்பும்போது முனிரத்தினம் ரோடு வரைக்கும் கூட வந்தான். நடை கொஞ்சம் லேசாகியிருந்தது. பஸ் வந்ததும் ஏதோ நினைத்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தான்.

"மேஸ்திரி, ஒரு ஒதவி செய்யி. அந்த சந்திரகிரிக் கடைக்காரன நான் நாசம் பண்ணிட்டேன்பா. ஊரக் கூட்டி, கிருஷ்ணாயில் கலக்கறவன்னு கத்தினேன். அதுக்கப்பால அவனாண்ட ஒருத்தனும் வாங்கலையாம். நீ போற வழிதான? எறங்கி ஒரு வார்த்த சொல்லிடு. தப்பா பேசிட்டேன், மன்னிச்சிக்கோன்னு சொல்லிடு. நீ சொன்னா அவன் நம்புவான்."

"சொல்றேன்" என்றேன்.

திருப்பதியில் பஸ் மாறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சந்திரகிரியில் பஸ் நின்றதும் அந்தத் தகரக் கடை கண்ணில் பட்டது. வாசலில் டின்கள் இல்லை. வெற்றிலையும் பீடியும் வைத்துக்கொண்டு வயசான ஒருவர் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸைப் பார்த்ததும், யாராவது இறங்கி வருவார்களா என்று நிமிர்ந்து பார்த்தார்.

"சந்திரகிரி, சந்திரகிரி, இறங்கறவங்க இறங்குங்க" என்று கண்டக்டர் இரண்டு தடவை கத்தினார். என் கையில் இருந்த டிக்கெட் சித்தூருக்கு. நான் இறங்கவில்லை.